கலியாணப் பத்திரிகையில் ‘பிரிகேட் மேஜர்’ என்று போடலாமா?

பள்ளத்தூர் அயித்தை (மாலை 6.10)

அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் அண்ணன் மகனுக்குத் தையில் கலியாணம். ராணுவத்தில் மேஜராக இருக்கிறான். போன மாதம் பேசும்போது “இப்போது நான் பி.எம்., அயித்தை” என்றான். விவரம் கேட்டதற்கு “பிரிகேட் மேஜர்” என்று சொல்லி வைத்துவிட்டான். அண்ணன் விடுவாரா? அன்றைக்கே காரைக்குடி அச்சகத்துக்குப் போய், பெயருக்குக் கீழே தங்க எழுத்தில் ‘பிரிகேட் மேஜர்’ என்று போடச் சொல்லிவிட்டார்.

மெய்ப்பைப் பார்த்த சம்பந்தி வீட்டார், மாப்பிள்ளை பிரிகேடியர் ஆகிவிட்டாரா என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே ஒருவர், மேஜருக்கும் பிரிகேடியருக்கும் நடுவில் இருக்கும் பதவி இது என்று அடித்துச் சொல்கிறார். பையனோ ஏதோ பயிற்சியில் இருக்கிறான், அழைத்தால் எடுப்பதில்லை. நாளை மாலை ஐந்து மணிக்குள் திருத்தம் கொடுக்க வேண்டும்.

கோட்டையூர் தம்பி (மாலை 6.25)

ஆச்சி, நான் இந்த ஆண்டு அதிகாரி தேர்வுக்குப் படிக்கிறேன், வரிசை மனப்பாடம். லெப்டினன்ட், கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல், பிரிகேடியர், மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், ஜெனரல். இதில் பிரிகேட் மேஜர் என்று எதுவும் இல்லை. அச்சுப் பிழையாக இருக்கலாம்.

புதுவயல் பழைய பட்டாளம் (இரவு 7.40)

அச்சுப் பிழை இல்லை தம்பி. வரிசையில் அது இல்லாததற்குக் காரணம், அது பதவியே இல்லை, வேலை. தாசில்தார் ஒருவரைத் தேர்தல் அலுவலராகப் போட்டால் அவர் தாசில்தாராகத்தானே இருக்கிறார்? அது போல. ஆச்சியின் மருமகன் மேஜர்தான். ஒரு பிரிகேடின் தலைமையகத்தில் அவர் பார்க்கும் வேலைக்குப் பெயர் பிரிகேட் மேஜர். நான் ஹவில்தார் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு பிரிகேட் தலைமையகங்களில் மூன்று பி.எம்.களுக்குத் தட்டச்சு செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கீழிருந்து மேலே. காலாட்படையில் பத்துப் பேர் ஒரு செக்‌ஷன். மூன்று செக்‌ஷன் ஒரு பிளட்டூன். அதற்குத் தலைவர் பெரும்பாலும் நாயப் சுபேதார் அல்லது சுபேதார். மூன்று பிளட்டூன் ஒரு கம்பெனி, ஏறத்தாழ 120 பேர், மேஜரின் கையில். இப்படி நான்கு ரைபிள் கம்பெனிகளும், மார்ட்டர் போன்ற கனமான ஆயுதங்களுக்கு ஒரு கம்பெனியும், சமையல் முதல் வண்டி வரை பார்க்க ஒரு கம்பெனியும் சேர்ந்தால் ஒரு பட்டாலியன், சுமார் 800 பேர். நம் ஊரில் ‘பட்டாளம்’ என்கிறோமே, அந்த ஐரோப்பியச் சொல்லின் வழி வந்ததுதான். பட்டாலியனை இப்போது கர்னல் நடத்துகிறார். 2004 இறுதியில் வந்த மாற்றத்துக்கு முன்பு லெப்டினன்ட் கர்னல் நடத்தினார். மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேட், பிரிகேடியரின் கீழ். மூன்று நான்கு பிரிகேடுகள் ஒரு டிவிஷன், 15,000 முதல் 18,000 பேர் வரை, மேஜர் ஜெனரலின் கீழ். அதற்கு மேல் கோர், அதற்கும் மேல் கமாண்ட், இரண்டுக்கும் லெப்டினன்ட் ஜெனரல்கள். கமாண்ட் மொத்தம் ஏழு. ஆறு போருக்கு, சிம்லாவில் இருக்கும் ஒன்று பயிற்சிக்கு. நம் தென்னகம் புனேயில் உள்ள தென் கமாண்டின் கீழ் வருகிறது.

எங்கு பார்த்தாலும் மூன்று மூன்றாக வருவதைக் கவனியுங்கள். இரண்டை முன்னால் நிறுத்தி ஒன்றைக் கையிருப்பாக வைத்துக்கொள்வதற்குத்தான் அந்த மூன்று. கையிருப்பு தீர்ந்துவிட்ட கமாண்டர் அதற்குப் பிறகு சண்டையை நடத்துவதில்லை, வேடிக்கைதான் பார்க்கிறார்.

தேவகோட்டை கணக்கு வாத்தியார் (இரவு 8.05)

ஆகா. பாரதத்தில் படையை அளக்கும் அக்குரோணிக் கணக்கும் இதே கணக்குத்தானே! ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் சேர்ந்தது ஒரு பத்தி. கூட்டிப் பாருங்கள், பத்து. உங்கள் செக்‌ஷனும் பத்து. அதை மூன்றால் ஏழு முறை பெருக்கிப் பத்தால் பெருக்கினால் ஒரு அக்குரோணி: தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350. மொத்தம் 2,18,700. மூன்று மூன்றாகப் பெருக்கும் யோசனையை வெள்ளைக்காரனிடம் போய்க் கற்க வேண்டிய அவசியம் நமக்கு இருக்கவில்லை.

புதுவயல் பழைய பட்டாளம் (இரவு 8.30)

வாத்தியார் ஐயா, கணக்கு அழகாக இருக்கிறது. ஒரு சந்தேகம். அந்த 65,610 குதிரைகளுக்குப் புல் யார் கொண்டு வந்தது? அந்தப் பட்டியலில் உக்கிராணம், அதாவது பண்டசாலை, எங்கே?

கிண்டலுக்காகக் கேட்கவில்லை. சண்டை போடுபவர்களை எண்ணுவது எளிது. அவர்களுக்கு யார் யோசிக்கிறார், யார் சோறு போடுகிறார் என்பதுதான் ஒரு படையின் அமைப்பு. பி.எம். என்ற வேலை அங்கேதான் வருகிறது.

என் அப்பா கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். வெளிநாட்டுக் கடைகளின் ஏற்பாட்டை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதலாளி இங்கே, கடை ரங்கூனிலோ பினாங்கிலோ. அங்கே மேலாள் ஒருவர். கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்ற முடிவு அவருடையது. பணம் மூழ்கினால் பேரும் அவருக்குத்தான். அவருக்குக் கீழே அடுத்தாள். பேரேட்டைப் பார்ப்பது, யாருக்கு எப்போது தவணை என்று நினைவூட்டுவது, கடிதம் எழுதுவது எல்லாம் அடுத்தாள். கெட்டிக்கார அடுத்தாள் இல்லாத மேலாள் ஆறு மாதம் தாங்க மாட்டார். ஆனாலும் அடுத்தாள் தன் பேரில் ஒரு ரூபாய் கடன் கொடுக்க முடியாது.

பிரிகேடியர் மேலாள். பி.எம். அடுத்தாள்.

எதிரி எங்கே இருக்கிறான், நம்மவர்கள் எங்கே, நாளைக்கு யார் எங்கே நகர வேண்டும் என்பதெல்லாம் பி.எம்.மின் மேசை. அவருக்குச் சமமாக இன்னொருவர் உண்டு, டி.க்யூ. என்போம். அவரும் மேஜர்தான். ரேஷன், குண்டு, வண்டி, கோவேறு கழுதை, சம்பளம், விடுப்பு, காயம்பட்டவரை இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. சுருக்கமாகச் சொன்னால் உக்கிராணம். டிவிஷனுக்குப் போனால் இதே வேலைகளைப் பிரித்துக் கர்னல்கள் பார்க்கிறார்கள். போர்த் திட்டத்துக்கு ஒருவர் (ஜெனரல் ஸ்டாஃப் என்பது இதுதான்), ஆள் கணக்குக்கு ஒருவர், பண்டங்களுக்கு ஒருவர். கோர் தலைமையகத்தில் இவர்களுக்கெல்லாம் மேலே ஒரு மேஜர் ஜெனரல் சீஃப் ஆஃப் ஸ்டாஃப். இது பிரிட்டிஷ்காரர் விட்டுப்போன முறை. அமெரிக்கர்கள் முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரரைப் பார்த்து எண் முறையை எடுத்துக்கொண்டார்கள்: ஒன்று ஆள், இரண்டு உளவு, மூன்று போர் நடவடிக்கை, நான்கு பண்டம். பிரிட்டனே பிறகு அதற்கு மாறிவிட்டது. நாம் பழைய பெயர்களை விடவில்லை.

கோட்டையூர் தம்பி (இரவு 8.50)

அப்படியானால் ஸ்டாஃப் அதிகாரி என்பவர் அலுவலகத்தில் உட்கார்ந்து காகிதம் பார்ப்பவர்தானா? எனக்குக் கம்பெனி கமாண்டர்தான் ஆக வேண்டும்.

புதுவயல் பழைய பட்டாளம் (இரவு 9.20)

கம்பெனியை நடத்தாதவரை யாரும் நல்ல பி.எம். ஆக்குவதில்லை தம்பி. இரண்டும் மாறி மாறி வரும். மேஜர் அளவில் தேர்வு எழுதி, நம் நீலகிரி வெலிங்டனில் உள்ள ஸ்டாஃப் கல்லூரியில் படித்துவிட்டு வருகிறவர்களைத்தான் பெரும்பாலும் இந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். அந்தக் கல்லூரி 1905இல் தேவ்லாலியில் தொடங்கி, 1907இல் குவெட்டாவுக்குப் போய், பிரிவினையோடு 1947இல் வெலிங்டனுக்கு வந்தது.

காகிதம் என்றாயே, ஓர் இரவைச் சொல்கிறேன். இமயமலையில் ஒரு கூடாரம். பெட்ரோமாக்ஸ் ‘உஸ்’ என்று இரைந்துகொண்டிருக்கிறது. பிரிகேடியர் உள்ளே வந்து வரைபடத்தில் ஒரு முகட்டைத் தொட்டு, “இங்கே ஒரு கம்பெனி வேண்டும், விடிவதற்குள்” என்றார். அவ்வளவுதான், தூங்கப் போய்விட்டார். அந்த ஒரு வரியை ஆணையாக மாற்ற பி.எம்.முக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. எந்தக் கம்பெனி, எந்தப் பாதை, பாதையில் பாலம் தாங்குமா, அங்கே போனதும் ஒயர்லெஸ் எட்டுமா, பின்னாலிருந்து பீரங்கி அந்த முகட்டின் மறுபுறத்தைத் தொடுமா. நடுவில் டி.க்யூ.வை எழுப்பி, “120 பேருக்கு இரண்டு நாள் சாப்பாடு மேலே ஏற எத்தனை கழுதை?” என்று கேட்டார். டி.க்யூ. எண்ணைச் சொன்னதும் பி.எம். பாதையை மாற்றினார். முதலில் நினைத்த பாதையில் அத்தனை கழுதைகள் ஏற முடியாது.

ஆணைக்கு ஐந்து பத்திகள், எப்போதும் ஐந்துதான். நிலைமை, பணி, செய்யும் விதம், நிர்வாகம், கட்டளையும் தொடர்பும். பணி ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். வாயால் சொல்லும்போது அதை மட்டும் இரண்டு முறை சொல்வார்கள். நான் ஸ்டென்சிலில் தட்டினேன். குளிரில் மெழுகுத்தாள் மொடமொடவென்று கிழிந்தது. ஓர் எழுத்துத் தப்பினால் சிவப்புத் திரவத்தைத் தடவி வாயால் ஊதிக் காய வைப்பேன். கடைசியில் பி.எம். கையெழுத்திட்டார். கையெழுத்தின் கீழே நான் என்ன தட்டியிருந்தேன் தெரியுமா? ‘கமாண்டருக்காக’. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் பட்டாலியன் கர்னல் அந்தத் தாளை மதிக்க வேண்டிய அவசியமில்லை. மேஜர் எழுதியதற்குக் கர்னல் ஏன் கட்டுப்பட வேண்டும்? பிரிகேடியர் சொன்னதற்குத்தான் அவர் கட்டுப்படுகிறார்.

பள்ளத்தூர் அயித்தை (இரவு 9.35)

இவ்வளவு வேலையா அவனுக்கு? “சாப்பிட்டாயா” என்று கேட்டால் “சாப்பிட்டேன்” என்று மட்டும் சொல்கிறான்.

இன்னொன்றும் கேட்கிறேன். அவன் மதராஸ் ரெஜிமெண்ட். ஆனால் அவன் இருக்கும் பிரிகேடில் சீக்கியர்களும் கூர்க்காக்களும் இருக்கிறார்கள் என்கிறான். ரெஜிமெண்ட் பெரியதா, பிரிகேட் பெரியதா?

புதுவயல் பழைய பட்டாளம் (இரவு 9.50)

இதில் எல்லோருமே தடுமாறுவார்கள் ஆச்சி. காலாட்படையில் ரெஜிமெண்ட் என்பது சண்டைக்கான அமைப்பே இல்லை. மதராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டனில் மையம் இருக்கிறது. அங்கே ஆள் சேர்ந்து, பயிற்சி பெற்று, ‘வீர மதராசி, அடி கொல்லு’ என்று கத்தக் கற்றுக்கொண்டு, பல பட்டாலியன்களுக்குப் பிரிந்து போவார்கள். ஒரு பட்டாலியன் காஷ்மீரில் இருக்கும், இன்னொன்று அருணாசலத்தில் இருக்கும். அங்கங்கே இருக்கும் பிரிகேடின் கீழ்தான் அவை சண்டை போடும்.

பள்ளத்தூர் அயித்தை (இரவு 10.00)

புரிந்துவிட்டது. ரெஜிமெண்ட் நம் நகரத்தார் கோவில் மாதிரி, பிரிகேட் ஊர் மாதிரி. நாங்கள் இளையாற்றங்குடிக் கோவில். அதே கோவிலைச் சேர்ந்தவர்கள் காரைக்குடியிலும் இருக்கிறார்கள், தேவகோட்டையிலும் இருக்கிறார்கள். பிறப்பால் கோவில், வாழ்க்கைக்கு ஊர். ஊரில் ஒரு காரியம் என்றால் ஒன்பது கோவில்காரர்களும் சேர்ந்துதான் இழுக்க வேண்டும்.

புதுவயல் பழைய பட்டாளம் (இரவு 10.05)

முப்பது வருடமாக ஆட்களுக்கு இதை விளக்கியிருக்கிறேன் ஆச்சி, இப்படி எனக்குத் தோன்றவில்லை. ஒரு விலக்கு மட்டும் உண்டு. டாங்கிப் படையிலும் பீரங்கிப் படையிலும் ‘ரெஜிமெண்ட்’ என்றால் நிஜமாகவே பட்டாலியன் அளவுள்ள அணி. ஒரு டாங்கி ரெஜிமெண்டில் 45 டாங்கி, பீரங்கி ரெஜிமெண்டில் மூன்று பேட்டரிகளாக 18 பீரங்கி. அங்கே போய்க் கோவில் கணக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

கண்டனூர் ரங்கூன் வீடு (இரவு 10.40)

மேலாள், அடுத்தாள் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் ஐயா, அப்பச்சியைப் பெற்றவர், ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தவர். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தபோது நடந்து வந்தவர்களில் ஒருவர். கடைப் பெட்டகத்தின் சாவி இன்னும் எங்கள் வீட்டுச் சாமி அறையில் இருக்கிறது. பெட்டகம் அங்கே, சாவி இங்கே.

அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தது ஒரே வார்த்தை, “சித்தாங்”. பர்மாவில் ஓர் ஆறு அது. அதன் பாலத்தை நம் பட்டாளம் தானே உடைத்துவிட்டது என்ற செய்தி வந்த அன்றைக்குத்தான் கடையைப் பூட்டினார்களாம். பிறகு படித்துப் பார்த்தேன். 1942 பிப்ரவரி 23 விடியற்காலை, 17ஆவது இந்திய டிவிஷனின் இரண்டு பிரிகேட் அளவு ஆட்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே பாலத்தைத் தகர்த்துவிட்டார்கள். நீந்திக் கரை சேர்ந்தவர்கள் உட்பட டிவிஷனின் காலாட்படையில் எஞ்சியவர் சுமார் 3,500 பேர். அவர்கள் கையில் இருந்த துப்பாக்கி 1,420. இரண்டே வாரத்தில் ரங்கூன் போயிற்று. இதில் தவறு மேலாளுடையதா, அடுத்தாளுடையதா? பாலத்தின் பொறுப்பில் இருந்த பிரிகேடியர் கேட்டார், டிவிஷன் தளபதி ஸ்மித் அனுமதி கொடுத்தார், ஸ்மித்தின் பதவி போயிற்று. ஆனால் அந்தத் தகவல் ஸ்டாஃப் வழியாகத் தொலைபேசியில் அல்லவா கைமாறியது?

தேவகோட்டை கணக்கு வாத்தியார் (இரவு 10.55)

தொலைபேசியில் யார் பேசினால் என்ன? “சரி, தகர்த்துவிடு” என்றது தளபதிதானே. மேலாள் பொறுப்பு என்று மேலே எழுதியிருக்கிறார்களே.

புதுவயல் பழைய பட்டாளம் (இரவு 11.30)

வாத்தியார் சொல்வது சரி, ஆனால் முழுக்கச் சரி இல்லை. முடிவு ஸ்மித்தினுடையது, சந்தேகமே வேண்டாம். ஆனால் பாலத்தருகே இருந்தவருக்கு எதிர்க்கரையில் எத்தனை பேர், எவ்வளவு தூரத்தில் என்று தெரியவில்லை. அதைத் தெரிந்து சொல்ல வேண்டியது தலைமையகம். கண் தெரியாத மேலாளைக் கேட்டுக் கையெழுத்து வாங்கினால், கையெழுத்து அவருடையது, குருட்டுத்தனம் யாருடையது?

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அப்போது பர்மாவில் இரண்டு டிவிஷன்களுக்கும் ரங்கூன் தலைமையகத்துக்கும் நடுவில் ஒரு கோர் தலைமையகம் இல்லை. தளபதி ஹட்டன் துறைமுகத்தையும் கவனிக்க வேண்டும், அரசாங்கத்தையும் கவனிக்க வேண்டும், சித்தாங்கில் நடக்கும் சண்டையையும் கவனிக்க வேண்டும். பர்மா கோரை உருவாக்கி ஸ்லிம் என்ற தளபதியிடம் கொடுத்தது மார்ச்சில், ரங்கூன் விழுந்த பிறகு. நடுவில் ஒரு படி குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

1962 சீனப் போரில் தலைகீழ். அக்டோபர் தொடக்கத்தில் புதிதாக 4ஆவது கோர் என்று ஒன்றை அறிவித்தார்கள். சேர்ந்து வேலை செய்து பழகாத ஸ்டாஃப். பிரிகேட் அளவில் எடுக்க வேண்டிய முடிவுகள் மேலேயிருந்து வந்தன. வடகிழக்கு எல்லையில் நம்கா சூ ஆற்றங்கரையில் 7ஆவது பிரிகேட் அக்டோபர் 20இல் நொறுங்கியது. படி இருந்தும் அதைத் தாண்டிக் குதித்தார்கள். நாற்காலி போட்டால் தலைமையகம் ஆகிவிடாது. சேர்ந்து வாழ்ந்து பழக வேண்டும்.

கண்டனூர் அண்ணனுக்கு இன்னொன்று. அதே 17ஆவது டிவிஷன்தான் மூன்று ஆண்டு கழித்து, 1945 மார்ச்சில், 255ஆவது டாங்கி பிரிகேடோடு பாய்ந்து போய், பர்மாவின் நடுவில் உள்ள மெய்க்தீலாவை ஜப்பானியரிடமிருந்து பிடித்தது. உங்கள் ஐயாவுக்கு அது தெரிந்திருக்குமா?

கண்டனூர் ரங்கூன் வீடு (இரவு 11.45)

தெரியும். “அப்புறம் பிடித்தால் என்ன, பெட்டகம் திறந்து கிடக்கிறது” என்பார்.

கோட்டையூர் தம்பி (காலை 7.15)

2025 ஜூலை 26, கார்கில் வெற்றி நாளில், ருத்ரா பிரிகேடுகள் என்று தரைப்படைத் தளபதி அறிவித்தாரே. காலாட்படை, டாங்கி, பீரங்கி, ஆளில்லா விமானம் எல்லாம் ஒரே பிரிகேடில். இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

புதுவயல் பழைய பட்டாளம் (காலை 8.00)

நல்ல யோசனை. என் காலத்தில் பீரங்கி டிவிஷனிடம் இருக்கும், டாங்கி வேறெங்கோ இருக்கும், சண்டைக்கு முன்பு ‘இவர்கள் உனக்கு’ என்று இணைப்பார்கள். முகம் தெரியாதவர்கள். நிரந்தரமாகச் சேர்ந்திருந்தால் பழக்கம் வரும், மேலே சொன்ன காரணத்தினால் அது பெரிய விஷயம். என் கவலை ஒன்றுதான். சாமான் இத்தனை வகை ஆனால் டி.க்யூ.வின் மேசை இரண்டு மடங்காகும். ஆனால் எல்லோரும் டாங்கியைப் படம் எடுக்கிறார்கள், டீசல் லாரியை யாரும் எடுப்பதில்லை.

தேர்வில் இன்னொன்றும் கேட்பார்கள், ஏமாந்துவிடாதே. சிவகங்கை இலுப்பக்குடியில் நாம் பஸ்ஸில் போகும்போது பார்க்கும் முகாம் இந்தோ–திபெத் எல்லைக் காவல் படை. அது ராணுவம் இல்லை, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது.

காரைக்குடி மெய்ப்புத் திருத்துபவன் (காலை 10.20)

அந்தப் பத்திரிகை என் மேசையில்தான் இருக்கிறது. தங்க எழுத்துக்கு அச்சு வெட்டுவதற்கு முன்பு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ‘பிரிகேட்’ என்பதில் ‘ட்’ போடுவதா ‘டு’ போடுவதா என்று நேற்றே குழம்பிக்கொண்டிருந்தேன்.

புதுவயல் பழைய பட்டாளம் (காலை 10.40)

இரண்டும் வேண்டாம், எடுத்துவிடுங்கள். பெயருக்கு முன்னால் ‘மேஜர்’ என்று மட்டும் போடுங்கள். வேலை இரண்டு வருடத்தில் மாறிவிடும், பதவிதான் கூட வரும். அதோடு எந்தப் பிரிகேட், எந்த ஊர், எந்தப் பட்டாலியன் என்று ஓர் எழுத்துகூட வேண்டாம். எத்தனையோ வீடுகளுக்குப் போகிற பத்திரிகை, யாராவது படம் எடுத்துக் கைப்பேசியில் சுற்றுக்கு விட்டுவிடுவார்கள். ஆச்சி, நீங்களும் மேலே கூர்க்கா, சீக்கியர் என்று எழுதியதை அழித்துவிடுங்கள்.

பள்ளத்தூர் அயித்தை (மதியம் 1.15)

அழிக்கச் சொல்லி நிர்வாகிக்கு எழுதிவிட்டேன். அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இசைகுடிமானத்திலாவது (எங்கள் கலியாண உடன்படிக்கை ஏடு) எழுதலாமா என்றார். அதில் ஊரும் பேரும் போதும், உன் மகன் என்ன வேலை பார்த்தால் என்ன என்று அப்பத்தா ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

பள்ளத்தூர் அயித்தை (இரவு 8.50)

பையன் பேசினான்! விழுந்து விழுந்து சிரித்தான். ‘மேஜர்’ மட்டும் போதும் என்று அவனும் சொல்லிவிட்டான். கலியாணத்துக்கு அவனோடு அந்த டி.க்யூ. நண்பரும் வருகிறாராம். அப்படியானால் ஐந்து நாள் விருந்துக்கும் உக்கிராண அறைச் சாவியை அவரிடம் கொடுத்துவிடலாம் என்கிறார் அண்ணன்.

புதுவயல் பழைய பட்டாளம் (இரவு 9.05)

வாழ்த்துகள் ஆச்சி. ஆனால் பி.எம்.முக்கும் டி.க்யூ.வுக்கும் சேர்ந்தாற்போல் விடுப்புக் கொடுத்த பிரிகேடியரை நான் பார்த்ததில்லை. சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.